கேக்கும் மீன் குழம்பும்

என் வீட்டுக்காரர் தட்டில் எதை எதனோடு சேர்ப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. தயிர் சாதத்துக்கு ஜாங்கிரி. உப்புமாவில் மாங்காய்த் துருவலும் சீனியும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் நாள் பாயசத்தை ஊற்றிக்கொள்வார். தர்பூசணித் துண்டில் இட்லிப் பொடியைத் தூவி, நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கும் ஒன்று நீட்டுவார். அவளும் வாங்கித் தின்பாள். பிறகு இருவரும் விரலைத் தூக்கி மார்க் போடுவார்கள். அஞ்சு விரல் என்றால் பிரமாதம். ஒற்றை விரல் என்றால் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்புவதற்குள் அடுப்படியில் இந்தக் கூத்து நடந்து முடிந்திருக்கும்.

எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். மாற்றுச் சான்றிதழில் ஒரு பிள்ளையின் பெயரில் ஒற்றைக் கொம்பு விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று தலைமையாசிரியை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தியையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சாம்பார் சாம்பாராக இருக்க வேண்டும், ரசம் ரசமாக இருக்க வேண்டும். ஒருத்தி விடியும் முன் எழுந்து பார்த்துப் பார்த்துச் சமைத்துவைத்தால், ஒருவர் வந்து அதன் தலையில் சீனியைக் கொட்டுகிறார். "நாக்கா அது, இல்ல செருப்புத் தோலா?" என்று கேட்பேன். "மொதல்ல நாக்காத்தான் இருந்துச்சு. ஒங்கிட்டப் பேசிப் பேசித் தடிச்சுப்போச்சு" என்பார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சுண்டவைத்த விரால் மீன் குழம்பில் பிளம் கேக்கைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள், அப்பாவும் மகளும். என் அக்கா ஆசையாக அனுப்பிய கேக்கு. கறுப்புத் திராட்சையின் மேல் புளிக்குழம்பு வழிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கேக்கு டப்பாவைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். "ஒரே ஒரு வாய் தின்னு பாரு. அப்பறமாத் திட்டு" என்றார். மாட்டேன் என்றேன். பீரோவுக்கு நேராக நின்று இரண்டு பேரும் அஞ்சு விரலைக் காட்டினார்கள்.

இதையெல்லாம் சிரிப்பதற்காக எழுதவில்லை. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால்தான் அவருடைய நோய் மூன்று மாதம் ஒளிந்துகொண்டிருந்தது. ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தவள் நான். அதை ஒரு தரமாவது முழுதாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் எழுமலைப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. செல்லூரில் ஒரு சந்துக்குள் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. தறிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். எங்களுடையது காதல் கல்யாணம். கோவிலில் தாலி கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாரே தவிர, பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தது இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், பின்வரிசையில் நிற்பார், பாதியில் டீ குடிக்கப் போய்விடுவார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நான் நெற்றியில் சாம்பலோடு வந்தால், "எங்க ஊர்ல தெனமும் விபூதிதான். நீங்க வருசத்துக்கு ஒரு நாள் பூசிட்டு எம்புட்டு அலட்டிக்கிறீங்க" என்பார். எனக்கு அது உள்ளுக்குள் பெரிய குறை. எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் புருஷனோடு ஜோடியாகப் பூசைக்கு வருகையில் நான் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் டிசம்பர் கடைசியில் மகள் வேலை கிடைத்து ஓசூர் போனாள். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"எறங்க மாட்டேங்குது."

மகளை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் முடிவு செய்தேன். நம் பக்கத்தில் யாராவது சோறு இறங்கவில்லை என்றால் மனசு சரியில்லை என்றுதானே அர்த்தம். தொண்டையைப் பற்றி யார் நினைப்பார்கள்? "ஊரு ஒலகத்துல யாரும் புள்ளைய வேலைக்கு அனுப்பலயா? நீங்க மட்டுந்தான் பெத்தீங்களா?" என்று அதட்டினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து சோற்றில் ஊற்றி, கரைத்துக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவருடைய சேர்மானங்கள் மாறின. இட்லியை டீயில் ஊறவைத்தார். பன்னைப் பிய்த்து ரசத்தில் போட்டார். பிஸ்கட்டைச் சாம்பாரில் கரைத்தார். இடியாப்பத்தைப் பருத்திப்பாலில் முக்கி, கரண்டியால் மசித்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். மகள் வீடியோ காலில் கூப்பிட்டால், "இன்னிக்கு பன்னு ரசம், நாலு விரலு" என்று விரலைக் காட்டுவார். அவள் அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டுவாள். நான் வழக்கம்போல் திட்டினேன். எல்லாமே ஈரம், எல்லாமே கூழ் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கொம்பு விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் வெடுக்கென்று கடித்துத் தின்று ஒரு மாதம் ஆகிறது என்பது தெரியவில்லை.

விபூதிப் புதன் வந்தது. நான் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். எனக்கு அன்று ஒருசந்தி. நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் விரதத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் அதெல்லாம் இருக்கமாட்டார் என்பதால் ரெண்டு தோசை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டார். அரை நிமிஷம் மென்றார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டைத் தள்ளினார்.

"என்ன, சாருக்கும் ஒருசந்தியா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா" என்றார்.

வார்த்தையை எடுத்துக் கொடுத்தது நான். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வருஷத்து மன்றாட்டு. அவருடைய நெற்றியில் என் நெற்றிச் சாம்பலையே கொஞ்சம் தொட்டு வைத்தேன். அவர் வைக்கவிட்டார்.

நாற்பது நாளும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்கு உண்டு என்று சொன்னேன். "ஆரம்பிச்சா ஒழுங்கா முடிக்கணும்ல" என்றார். சாயங்காலம் ஒரு வேளை மட்டும், அதுவும் கஞ்சியாகவோ கூழாகவோ குடிப்பார். எங்கள் தெருக் கத்தோலிக்க வீட்டார் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம். அன்பியம் என்று பெயர். மூன்றாவது வாரம் எங்கள் வீட்டில் கூட்டம். அவர் பட்டறையிலிருந்து வந்து, நடுவில் நுழையக் கூச்சப்பட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார். சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணனுக்கு ஒடம்பு இளைச்சிருச்சே" என்று ஒருத்தி சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இளைக்காம என்ன செய்யும்? நாப்பது நாளும் ஒருசந்தி. ஞாயித்துக்கெழமைகூட விடல. பொறந்ததுலருந்து பூசைக்குப் போற நம்மளால முடியுமா? எம் வீட்டுக்காரரு இருக்காரு பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை கோவிலில் மத்தியானம் கஞ்சி ஊற்றுவார்கள். என்னோடு வந்தார். ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்று வாங்கினார், மூன்றாவதற்கும் வரிசையில் போய் நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "விரதம் இருக்குறவரு இப்படியா குடிப்பாரு" என்று காதில் சொன்னேன். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு டம்ளர் குடித்திருப்பார். இப்போது அது நினைவுக்கு வந்தால் கையில் பிடித்திருக்கும் வேலை ஓடுவதில்லை.

ஈஸ்டருக்கு எழுமலையிலிருந்து அவருடைய அண்ணன் ஆட்டுக்கறியோடு வந்திருந்தார். நாற்பது நாளுக்கும் சேர்த்துச் சமைத்தேன் என்றே சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்து நானே எடுத்து வைத்தேன். "குழம்பு மட்டும் ஊத்து" என்றார். "இன்னுமா? அதான் முடிஞ்சுபோச்சுல்ல. சாப்பிடுங்க" என்றேன். அண்ணனும், "தின்னுடா, தேவாங்கு மாதிரி ஆயிட்ட" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார், மென்றார், விழுங்கினார்.

முதலில் கண் சிவந்தது. தண்ணீர் குடித்தார், அது வந்த வழியே திரும்பி வந்தது. எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார். எச்சில்கூட உள்ளே போகவில்லை. அண்ணன் முதுகில் தட்டிக்கொண்டே, "தம்பி, தம்பி" என்று கத்தினார். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய் வழியாகக் குழாயை விட்டு அந்தத் துண்டை எடுத்தார்கள். எடுத்த டாக்டரம்மா வெளியே வந்து, எத்தனை நாளாக இப்படி என்று என்னிடம் கேட்டார்.

"அவருக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நாப்பது நாளு ஒருசந்தி இருந்தாரு. திடீர்னு கறி சாப்பிட்டதுல…"

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரிடம் குனிந்தார். "நீங்க சொல்லுங்க."

"பொங்கலுக்கு முன்னாடிலருந்து" என்றார் அவர். "கெட்டியா எதுவும் எறங்கல."

என்னைப் பார்க்காமல் சொன்னார்.

உணவுக்குழாயில் கட்டி. கட்டியைச் சுருக்க முதலில் மருந்தும் ரேடியேஷனும், பிறகு ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷனைத் தாங்க உடம்பில் சத்து வேண்டும். நாற்பத்துமூன்று கிலோவில் இருந்தார். நாற்பத்தெட்டாவது வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. வாய் வழியாகச் சாப்பிட முடியவில்லை என்றால் வயிற்றில் குழாய் வைத்துவிடலாம் என்றும் சொன்னார். குழாய் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாள் பார்க்கிறோம், நான் ஊட்டிவிடுகிறேன் என்று நான்தான் சொன்னேன். அந்த ஐந்து கிலோதான் அதற்குப் பிறகு என் வேலை, செபம், தூக்கம் எல்லாம்.

ரேடியேஷன் பாதி முடிந்ததும் உணவுக்குழாய் கொஞ்சம் திறந்துகொண்டது. கூழ் மாதிரி எதுவும் இறங்கியது. ஆனால் நாக்கு போய்விட்டது. எதை வைத்தாலும், "செம்புக் கம்பிய நக்குன மாதிரி இருக்கு" என்பார். அதில் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கம்பியின் முனையைப் பல்லால் சுரண்டிச் சுரண்டியே வேலை பார்த்தவர்.

சாம்பார் சாம்பாராக இருக்க வேண்டும் என்று சொன்ன நான், செம்பு ருசியை அடக்குவதற்காக எதையும் எதனோடும் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, மிக்ஸியும் டீ வடிகட்டியுமாக நின்றேன். பருத்திப்பாலில் முட்டை மஞ்சள் கரு. ஆட்டுக்கால் சூப்பில் நேந்திரம்பழம். மாம்பழச் சாறும் நிலக்கடலைச் சட்னியும். பட்டர் ஃப்ரூட்டை ரசத்தில் கரைத்துப் பார்த்தேன், பார்க்கவே கண்ராவியாக இருந்தது. மகள் வாரக் கடைசியில் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், மற்ற நாளில் போனில் யோசனை சொல்வாள். "சப்போட்டாவுல மிளகுப்பொடி போடும்மா, அப்பாவுக்கு அது முன்னாடி நாலு விரலு." நான் போட்டேன். ஒவ்வொரு டம்ளரையும் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, விரலைத் தூக்குவார். மூன்று. நாலு. ஒரு நாள் பட்டர் ஃப்ரூட் ரசத்துக்குக்கூட நாலு. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அவராகவே கேட்டார். "அந்தக் கேக்கு, மீன் கொழம்பு. செஞ்சு தாரியா?"

ஜூன் மாதத்தில் பிளம் கேக்குக்கு எங்கே போவது? நாலு பேக்கரி ஏறி இறங்கி, கடைசியில் திராட்சை போட்ட டீ கேக்கு வாங்கிவந்தேன். விரால் வாங்கிக் குழம்பு வைத்து ஒரு நாள் சுண்டவிட்டேன். மறுநாள் அதை வடிகட்டி, மீனை முள் பார்த்து உதிர்த்து, கேக்கோடு சேர்த்து மிக்ஸியில் அடித்தேன். செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஒரு நிறம். அவர் கரண்டி கரண்டியாக ஒரு டம்ளர் முழுக்கச் சாப்பிட்டார். கடைசிக் கரண்டிக்கு முன்னால் நிறுத்தி, என் பக்கம் நீட்டினார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். புளிப்பு, காரம், அடியில் எங்கேயோ இனிப்பு, அப்புறம் திராட்சை. நன்றாகத்தான் இருந்தது. பீரோவில் பூட்டிவைத்த அந்தக் காலை ஞாபகம் வந்து, எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவர் அஞ்சு விரலையும் விரித்துக் காட்டினார்.

சனிக்கிழமைதோறும் பாலத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் எடை பார்ப்போம். நாற்பத்துநாலு. நாற்பத்துநாலரை. அடுத்த வாரம் நாற்பத்தைந்தரை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சட்டை வேட்டியோடுதான் ஏறுவார், அங்கேயும் அதே கணக்குத்தான் வந்தது. முள் நகர நகர எனக்குக் கால் தரையில் நிற்காது. திரும்பும் வழியெல்லாம் அடுத்து எதை எதோடு அடிக்கலாம் என்று பேசிக்கொண்டே வருவேன். அவர் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வருவார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை என்று, சந்தைக்காரர்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டைக் கட்டியிருந்தார். அது அவருடைய அப்பாவுடையது. எனக்கு அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

நாற்பத்தெட்டு வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்து, முதல் நாள் காலையில் வந்து சேரச் சொன்னார்கள். வார்டில் ஒரு நர்ஸ் பச்சை கவுனைக் கொடுத்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டு எடை மிஷினுக்கு வாங்க என்றாள். அவர் திரைக்குப் பின்னால் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு கையை மட்டும் நீட்டி, சட்டையில் சுற்றிய ஒரு மூட்டையை என்னிடம் தந்தார். "இதப் பிடி."

கனத்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பச்சை பெல்ட்டின் பை ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பி. நெளிசல் எடுத்து, வழவழவென்று வளையம் வளையமாகச் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. எவ்வளவு ஒழுங்கான வேலை. வாரம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று எனக்காக ஏற்றியிருக்கிறார்.

மிஷினில் நாற்பத்துமூன்றரை.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். வயிற்றில் குழாய் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலிலும் பரவியிருப்பது தெரிகிறது, இனி ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். எடையை மறைத்ததால்தான் இப்படியா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, முன்பே கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்றார். சமாதானத்துக்காகச் சொன்னாரா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை.

அன்று சாயங்காலம் வார்டில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்டேன். திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பில்லை.

"ஏங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"நம்பரு ஏறுனா நீ சிரிச்ச."

"அதுக்காக?"

"ம்."

"அப்ப ஒருசந்தி?" என்றேன்.

அவர் குழாயைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார். "ரெண்டு நாளு பாத்துட்டுச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு நம்ம வீட்டு அன்பியத்துல என்னயப் பத்திப் பேசுனேல்ல. கல்யாணம் ஆன நாள்லருந்து நீ என்னயப் பத்தி ஒரு எடத்துல பெருமையாப் பேசி நான் கேட்டதில்ல. வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது, எறங்கலன்னு?"

என்னிடம் ஒரு கெட்ட சேதியைச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகள்கூட மார்க் குறைந்த தாளை அவரிடம்தான் கையெழுத்துக்கு நீட்டுவாள். நான் கெட்டவள் இல்லை. ஆனால் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நிற்கிறவளிடம் சரியில்லாததை யார் கொண்டுவருவார்கள்?

"பட்டர் ஃப்ரூட் ரசம் நாலு விரலு?" என்று கேட்டேன்.

"பொய்யி" என்றார். லேசாகச் சிரித்தார்.

"கேக்கு மீன் கொழம்பு?"

"அது நெசம்." அஞ்சு விரலையும் தூக்கினார். விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன. நம்பினேனா என்று கேட்டால், அன்று நம்பினேன். மறுநாள் நம்பவில்லை. இன்றுவரை அப்படித்தான் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்டோபரில் போய்விட்டார். எழுமலையிலிருந்து அண்ணன் வந்து, கல்லறைத் தோட்டத்தில் எங்கள் வழக்கப்படி ஒரு பிடி மண் போட்டுவிட்டு, தன் வழக்கப்படி மொட்டை போட்டுக்கொண்டு போனார். கிறிஸ்துமஸுக்கு அக்கா கேக்கு அனுப்பினாள். மகள் அதைத் தொடவில்லை. நானும் மீன் வாங்கவில்லை. டப்பா மேஜைமேல் இருந்து இருந்து, பொங்கல் வாக்கில் பூசணம் பிடித்தது.

இந்த வருஷத் தவக்காலத்தின் முதல் வாரம், அடுத்த சந்தில் ஒரு வீட்டில் அன்பியம். நாலு மாதம் கழித்து அன்றுதான் போனேன். செபம் முடிந்து சுண்டலும் டீயும் வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலு கடலையை வாயில் போட்டேன், நெஞ்சுக்கு மேலேயே நின்றது. வீட்டுக்காரப் பெண் கவனித்துவிட்டாள். நல்ல பெண், என் மேல் பிரியமானவள்.

"என்னக்கா, ஒருசந்தியா?" என்றாள். என் பதிலுக்குக் காத்திராமல் மற்றவர்களைப் பார்த்து அவளே தொடர்ந்தாள். "அண்ணன் என்ன மாதிரி மனுசன் தெரியும்ல? நாப்பது நாளும் ஒருசந்தி. ஞாயித்துக்கெழமைகூட விடலயாம். அக்காவும் இப்ப அவருக்காக இருக்காக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதே முகங்கள். 'ஆமா' என்று சொல்வது எவ்வளவு எளிது என்று அந்த நிமிஷம் தெரிந்தது. அவரும் இப்படித்தான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

"ஒருசந்தி இல்லம்மா. எறங்கல" என்றேன்.

"மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்கக்கா" என்று அவள் என் தோளைத் தொட்டாள்.

"என்னய மட்டும் சொல்லல. அவருக்கும் எறங்கலதான். பொங்கலுக்கு முன்னாடியே எங்கிட்டச் சொன்னாரு. அவரு ஒரு நாளும் ஒருசந்தி இருக்கல. நாந்தான் அதுக்கு அப்படிப் பேரு வச்சேன்."